எதில் ஏறி நிற்பது

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைக் கட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. வந்தவரின் கையையோ காலையோ நனைந்த துணிச்சுருளால் சுற்றிக்கொண்டே, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பார். வலி தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவருக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. மழைக்காலம் நெருங்கினால் ஏணியிலிருந்து விழுந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். குழாய் அடைப்பு எடுக்கப் போனவர், ஜன்னலுக்கு மேலே ஒழுகும் இடத்தைப் பூசப் போனவர், பெயின்ட் அடிக்கப் போனவர். எல்லாருடைய கதையும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும். இன்னும் கொஞ்சம் கையை நீட்டினால் எட்டிவிடும் என்று நினைத்தார்களாம்.

ஆகவே தன் வீட்டுச் சுவரிலேயே வெடிப்பு விழுந்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாடிப் படுக்கையறையில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் ஊறியிருந்தது. கை வைத்தால் சுண்ணாம்பு விரலோடு வந்தது. அடுத்த வீட்டு மொட்டைமாடியில் நின்று எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சன்ஷேடுக்குச் சற்று மேலே, சந்துப் பக்கச் சுவரில், நீளமாக ஒரு வெடிப்பு. அதற்குள் ஒரு செடி வேர்விட்டு, சாவகாசமாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மழைநீர்க் குழாயின் பிடிக்கம்பி கழன்று தொங்கியது.

கொத்தனார் வந்து பார்த்தார். மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டிப் பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடி அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். கட்டுக்காரருக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அப்படிக் கயிற்றுப் பலகையிலிருந்து விழுந்த அந்த ஆளுக்கு இரண்டு மணிக்கட்டிலும் கட்டுப் போட்டிருந்தார். சாப்பாடு ஊட்டிவிட ஆள் இல்லாமல் அவன் அழுதது இன்னும் காதில் இருந்தது. கயிறு வேண்டாம் என்றார். அப்படியானால் நீங்களே ஒரு வழி சொல்லுங்கள், வருகிறேன் என்று கொத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வாடகைச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் பேசத் தொடங்கினால் நிறுத்தாத ஆள். சாய்ப்பு ஏணி, இரண்டு பக்கமும் விரியும் ஏணி, சக்கரம் வைத்த கம்பிச் சாரம், வண்டியில் ஏற்றி ஆளைத் தூக்கும் லிஃப்ட் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு அவரே கேள்விகளும் கேட்டார். எவ்வளவு உயரம்? எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும்? ஒரு கையால் ஆகிற வேலையா?

"செடியைப் பிடுங்கணும், பழைய பூச்சை உடைக்கணும், புதுசாப் பூசணும்" என்றார் கட்டுக்காரர்.

"அப்ப ஏணியை மறந்துடுங்க. ரெண்டு கையும் வேலை செஞ்சா, ஏணியைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போறது?" என்றார் கடைக்காரர். லிஃப்ட் வண்டி சந்துக்குள் நுழையாது. மிச்சமிருந்தது சக்கரச் சாரம்தான். நான்கு பக்கமும் தடுப்புக் கம்பி உண்டு, உள்பக்கமாகவே ஏறலாம், சக்கரத்தைப் பூட்டிவிட்டால் நகராது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, கீழே தரை எப்படி என்று கேட்டார். கட்டுக்காரர் அந்தச் சந்தில் பல வருஷமாக நடந்திருக்கிறார். தரையைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தார். சந்தின் பாதிக்கு மேல் சாக்கடையை மூடிய சிமென்ட் பலகைகள். ஒன்றிரண்டு மிதித்தால் லேசாக ஆடின. சாரத்துக்குச் சொல்லிவைத்திருந்ததை வேண்டாம் என்றார். மறுபடி சொன்னார். காற்று பலமாக அடிக்கும் என்று யாரோ சொன்னதும் மறுபடி வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் கட்டுச் சுற்றும்போது கூட மனசு சந்திலேயே நின்றது. வீட்டுக்கு வந்தால் அளவு நாடாவும் கையுமாகச் சுவரோரம் நடந்துகொண்டிருப்பார். எதிர்வீட்டுக்காரர், இடம் விற்கப் போகிறீர்களா என்று கேட்கவும் செய்தார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, ஈரமான சுவரோரம் படுக்க வேண்டியிருந்ததில் அவளுக்கு எரிச்சல். "நீங்க முடிவு பண்றதுக்குள்ள செவுரே தானா இறங்கி வந்து உங்களைப் பாக்கும்" என்றாள்.

அவளைவிடப் பொறுமை குறைந்தவர் அவள் அம்மா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். கால் ஒரு இடத்தில் நிற்காது. துவைத்த துணியையே மறுபடி மடிப்பார். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். தெருவில் பஸ் போனால் கழுத்தைத் திருப்பாமலே அது எந்தத் தடத்து வண்டி என்று சொல்வார். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவருக்கு, மருமகன் ஒரு வெடிப்பைச் சுற்றி அளவு நாடாவோடு நடப்பதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஒருநாள் மதியமே வானம் கறுத்துவிட்டது. கட்டுக்காரர் அனுமதி கேட்டு முன்னதாகவே கிளம்பினார். வண்டியை நிறுத்தும்போது சந்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார்.

எதிர்வீட்டு அலுமினிய ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அதன் உச்சியில் மாமியார். சேலையை இழுத்துச் செருகி, இடுப்பில் ஒரு பையைக் கட்டியிருந்தார். ஒரு கையால் குழாயைப் பற்றிக்கொண்டு, மறு கையை நீட்டிச் செடியின் தண்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆட்டலுக்கும் ஏணியின் ஒரு கால் நின்றிருந்த சாக்கடைப் பலகை மெல்லத் தூக்கித் தூக்கி இறங்கியது.

கத்த வாயெடுத்தார். கத்தவில்லை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து விழுந்தவர்களையும் அவருக்குத் தெரியும். ஓடாமல் நடந்தார். தூக்கிக்கொண்ட பலகையின் ஓரத்தில் ஒரு காலை அழுத்தி வைத்து, இரண்டு கையாலும் ஏணியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

"அத்தை, நான்தான். கீழ பிடிச்சிருக்கேன்."

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை? நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்சம்தான், வந்துரும்."

விழுந்தவர்கள் சொல்லும் அதே வார்த்தையைக் கேட்டதும் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். குரலை மட்டும் மாற்றாமல் சொன்னார்.

"அத்தை, செடியை விட்டுடுங்க. ஏணியோட கால் நிக்கிற பலகை ஆடுது. குழாயை விட்டுட்டு ஏணியைப் பிடிங்க. ஒவ்வொரு படியா வாங்க. அவசரமே இல்லை."

மேலே அசைவு நின்றது. மாமியார் குனிந்து பார்க்கவில்லை. பஸ்ஸில் நின்ற கால்களுக்குத் தரை ஆடுகிறதென்றால் என்னவென்று தெரியும். செடியை விட்டார். ஒரு கை ஏணிக்கு வந்தது, பிறகு மற்றொரு கை. கால் படியைத் தேடியது, கிடைக்கவில்லை, மறுபடி தேடியது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். அந்த நேரத்தில் பலகை ஒரு பக்கம் நன்றாகச் சரிந்தது. கட்டுக்காரர் தோளைக் கொடுத்து ஏணியைத் தாங்கினார். மாமியார் கீழே வந்து சேர்ந்ததும் அந்தச் சாக்கடையோர ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கட்டுக்காரர் ஏணியைக் கிடத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். திட்ட வேண்டும் என்று இருந்தது.

"சும்மா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் மாப்பிள்ளை. ஒரு செடியைக் கூடவா பிடுங்கக் கூடாதுன்னு தோணிச்சு" என்றார் மாமியார். பிறகு, "நீங்க விழுந்தவங்களை மட்டும்தான் பாக்குறீங்க. ஏறிட்டு நல்லபடியா இறங்குனவங்க யாரும் உங்ககிட்ட வர்றதில்லை. அதான் உங்களுக்கு எதைப் பாத்தாலும் பயம்" என்றார்.

அது அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. சரிந்து கிடந்த பலகையைக் கைகாட்டினார்.

"நீங்க சொல்றது நெசம்தான் அத்தை. ஆனா இந்தப் பலகையும் நெசம். நான் முடிவு பண்ணாம இழுத்தடிச்சதாலதான் நீங்க ஏறுனீங்க. நாளைக்கே சாரம் வந்துரும்."

மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மாமியார் கேட்டுக்கொண்டார். ஆனால் மகள் வந்து அம்மாவின் சேலையில் இருந்த சேற்றையும், கணவரின் தோளில் ஏணி அழுத்திய சிவந்த தடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவை ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு கணவரை இரண்டு பாட்டம் திட்டினாள். அன்று ராத்திரி மழை வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் அவர் லீவு போட்டார். கடைக்காரர் வண்டியில் சாரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். சந்துக்கு ஏற்ற ஒடுக்கமான சாரம். அது கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் விரிக்கும் தாங்குகால்களும் இருந்தன. சாக்கடைப் பலகை மேல் எடை விழாதபடி, இரண்டு பக்கத் திடமான தரையிலும் ஊன்றுகிற மாதிரி கனமான மரச்சட்டங்களைக் குறுக்கே போட்டார்கள். அதன் மேல் சக்கரங்களை நிறுத்திப் பூட்டினார்கள். கடைக்காரர் ரசமட்டம் வைத்துச் சாய்வு இருக்கிறதா என்று பார்த்தார். கட்டுக்காரர் ஒவ்வொரு பூட்டையும் உதைத்துப் பார்த்தார். மாமியார் பின்னாலேயே வந்து மறுபடி உதைத்தார். ஒரு சக்கரம் உருண்டது. பூட்டு சரியாக விழவில்லை என்று மாமியார் சொல்ல, விழுந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்ல, வாக்குவாதம் முற்றியது. கடைசியில் கடைக்காரரே குனிந்து பார்த்துவிட்டுப் போய், வேறு சக்கரம் எடுத்து வந்து மாட்டினார்.

கொத்தனார் மேலே ஏறினார். இவ்வளவு ஏற்பாடு எதற்கு, கல்யாணப் பந்தலா போடுகிறீர்கள் என்று முனகிக்கொண்டேதான் ஏறினார். வெடிப்பைச் சுற்றித் தட்டிவிட்டு, செடியை வேரோடு பிடித்து இழுத்தார். வராதது போல இருந்தது. இரண்டு கையாலும் பலம்கொண்ட மட்டும் இழுத்தார். செடி வந்தது. அதோடு சேர்ந்து, அரைக் கதவு அகலத்துக்குப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. கொத்தனார் பின்னால் தூக்கியெறியப்பட்டது போலப் போய், முதுகு தடுப்புக் கம்பியில் மோதி நின்றார். பூச்சுத் துண்டு சந்தில் விழுந்து பொடிப்பொடியாயிற்று. யாரும் அங்கே நிற்காதபடி கட்டுக்காரர் முன்பே கயிறு கட்டி வைத்திருந்தார்.

சாரம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. பிறகு கொத்தனார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதற்கப்புறம் அவர் முனகவில்லை.

மாமியார் நொறுங்கிக் கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று அந்தத் தண்டு தன் கையில் இருந்ததை நினைத்தாரோ என்னவோ, முகம் வெளுத்திருந்தது. மருமகன் பக்கம் நகர்ந்து வந்து நின்றார். அவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அன்று பூராவும் மாமியார் எழுந்திருக்காமல் அதில் உட்கார்ந்திருந்ததுதான் வீட்டில் எல்லாருக்கும் அதிசயம்.

வேலை முடிய மறுநாளும் ஆயிற்று. பிடிக்கம்பி மாற்றி, புதிதாகப் பூசி, குழாயை நிமிர்த்திக் கட்டினார்கள். சாரத்தைப் பிரிக்கும் முன், பூச்சை நேரில் பார்க்க வேண்டும் என்று மாமியார் கேட்டார். வேண்டாம் என்று சொல்லக் கட்டுக்காரருக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் பூட்டுகளை இன்னொரு தடவை உதைத்துவிட்டு, அவரே முதலில் உள்பக்கமாக ஏறினார். சாரத்தின் மேல் அவர் நின்றதே இல்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமியார் பின்னாலேயே வந்து, ஒரு கையைக் கம்பியில் வைத்தபடி, பூச்சை விரலால் தட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கீழே இருந்து மனைவி, போதும் இறங்குங்கள் என்று இருவரையும் அதட்டினாள்.

மழை அந்த வாரத்திலேயே பிடித்துக்கொண்டது. கட்டுக்காரர் காலையில் எழுந்ததும் கட்டிலை நகர்த்திவிட்டுச் சுவரில் கை வைத்துப் பார்ப்பார். காய்ந்திருக்கும். அப்படியும் மறுநாள் மறுபடி வைத்துப் பார்ப்பார்.

மாமியார் இப்போது காலை நேரங்களில் வாடகைக் கடையில் இருக்கிறார். சக்கரப் பூட்டின் குறையைக் கண்டுபிடித்தவர் என்று கடைக்காரர்தான் கூப்பிட்டு அனுப்பினார். ஏணி கேட்டு வருபவர்களை நிற்க வைத்து, என்ன வேலை, கீழே என்ன தரை என்று மாமியார் குடைகிற குடைச்சலில் சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். பலர் வீட்டுக்குப் போய்த் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்களாம்.

கட்டுக்காரரின் நிம்மதியின்மை முழுசாகத் தீரவில்லை. போன வாரம் வேலைக்குப் போகும் வழியில், யாரோ ஒருவர் கடைப் பெயர்ப்பலகையை மாட்ட ஏணியில் நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஏணியின் கால் வழவழப்பான கல்லில் நின்றது. ஒன்றும் சொல்லாமல் போய்ப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்தவர் ஆணியை அடித்து முடித்து, நிதானமாக இறங்கி வந்து, யார் சார் நீங்கள் என்று கேட்டார். எலும்பு முறிவுப் பிரிவு என்றார் கட்டுக்காரர். அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்.