அரைத் திருகு

விடியற்காலை ஐந்து மணிக்கு ஹேமாம்புஜம் வெந்நீர்க் குழாயைத் திருகியதுதான் தாமதம், சுவரை யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் தடதடவென்று சத்தம் கிளம்பியது. பதறிப்போய் மூடினாள். கூடத்தில் மாமனார் தேவராஜன் பாராயணத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தார். கோயில் கைங்கர்யம் பண்ணுகிறவர், கிணற்றுப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை இடையில் நிறுத்தாதவர். இந்த வாரத்தில் இது நான்காவது நாள்.

திருவள்ளூரில் அந்தத் தெருவில் திருகினால் வெந்நீர் கொட்டுகிற வீடு அது ஒன்றுதான். தன் அம்மா கமலவல்லியின் மூட்டுவலிக்காக ஹேமாம்புஜத்தின் கணவன் ஸம்பத்குமார் போன வருஷம், எழுபத்து மூன்றில், ஏற்பாடு செய்தது. மாடித் தொட்டித் தண்ணீர் கொல்லையில் இருக்கிற பாய்லருக்குள் இறங்கி, விறகில் சூடாகி, இரும்புக் குழாய் வழியாகக் குளியலறைக்கு வரும். ஆறு மணிக்குக் கமலவல்லி குளிப்பாள், சத்தமே இராது. ஏழு மணிக்கு ஸம்பத்குமார் குளிப்பான், அப்போதும் இராது. மருமகள் தொட்டால் மட்டும் குழாய் கூப்பாடு போட்டது.

கமலவல்லிக்கு இது போதாதா? மருமகள் ஆறேகால் ரயிலைப் பிடித்துப் பாரிமுனைக்கு டைப் அடிக்கப் போவது அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. இப்போது குழாய்க்கே பிடிக்கவில்லை என்று பூக்காரி முதல் எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். மார்கழி பிறப்பதற்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஹேமாம்புஜத்துக்கு வெந்நீர் கிடையாது என்று தேவராஜன் மகனிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவளுக்கோ மூச்சிழுப்பு. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டால் மூன்று நாள் படுக்கை. குளிக்காமல் சமையல் கட்டுக்குள் போக முடியாது, சமைக்காமல் படி இறங்க முடியாது. வெந்நீர் நின்றால் வேலை நின்றதாக அர்த்தம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னதுரை வந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஆலையில் பிட்டர், இந்தப் பாய்லரை வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். பாய்லரைக் காலி செய்து உள்ளே கட்டியிருந்த உப்பைச் சுரண்டினான். சுவரில் தளர்ந்திருந்த கிளாம்புகளை முடுக்கினான். குழாய்க்குள் காற்று அடைத்திருக்குமோ என்று மேல் மூட்டைக் கழற்றி மாட்டினான். கடைசியில் குளியலறைக்குள் போய்க் குழாயை ஒரே திருகாகத் திருகினான். வெந்நீர் சமர்த்தாகக் கொட்டியது.

"இன்னாம்மா, ஒண்ணியும் கேக்கலியே. நீங்க தொறந்தா மட்டுந்தான் கத்துதா?"

கமலவல்லி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஹேமாம்புஜத்துக்கு அவமானத்தில் காது சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சூடு கோபமாகிவிட்டது, ராத்திரி படுக்கும்வரை ஆறவில்லை.

மறுநாள் ஐந்து மணி. வழக்கம்போலப் பயந்து பயந்து அரைத் திருகு திருகினாள். தடதடதட. "கத்திக்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை ஆனமட்டும் திருகினாள். சத்தம் நின்றுவிட்டது.

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அரைத் திருகுக்குக் குறைத்தாள், அடித்தது. முழுக்கத் திருகினாள், அடங்கியது. உள்ளே வாஷர் கழன்று கிடக்கிறது, இடுக்கில் பாய்கிற தண்ணீரில் அது ஆடுகிறது, அவ்வளவுதான். மற்றவர்கள் தம் வீட்டுக் குழாயைத் திறக்கிற மாதிரி ஒரே திருகாகத் திறந்தார்கள். சத்தம் வந்துவிடுமே என்று பார்த்துப் பார்த்துத் திறந்தவள் அவள் ஒருத்திதான்.

இதற்குள் கதவைத் தட்டினான் ஸம்பத்குமார். அவள் உள்ளிருந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். முழுக்கத் திறந்தால் சத்தம் வராது, ஞாயிற்றுக்கிழமை சின்னதுரை வந்து வாஷரை மாற்றட்டும் என்றாள். வெளியே கமலவல்லியின் குரல் கேட்டது.

"முழுசாத் தொறந்தா பாய்லரே காலியாயிடும். நாங்கள்லாம் தீர்த்தமாட வேண்டாமா? கொஞ்சமாத் தொறந்துக்கச் சொல்லுடா."

"அம்மா சொல்றா இல்லையா ஹேமா, கொஞ்சமாத்தான் தொறயேன்."

"சரின்னா" என்றாள் ஹேமாம்புஜம்.

அரைத் திருகுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். வீடு அதிர்ந்தது. செம்பு நிறைய நிதானமாகப் பிடித்துத் தோளில் விட்டுக்கொண்டாள். இரண்டாவது செம்பு. கூடத்தில் பாராயணம் நின்றது. கணவன் கதவுக்கு அப்பால் ஏதோ கத்தினான், காதில் விழவில்லை. மூன்றாவது செம்பு. ஒவ்வொரு அடிக்கும் அவள் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொண்டது, ஆனாலும் கை குழாய்ப் பக்கம் போகவில்லை.

கதவுக்கு வெளியே ஒரு இருமல். கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் அவளிடம் நேருக்கு நேர் பத்து வார்த்தை பேசியிராத தேவராஜன், சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கூப்பிட்டார்.

"முழுசாவே தொறந்துக்கோம்மா."

ஹேமாம்புஜம் சோப்பை எடுத்தாள்.

"இதோ, மொகத்துக்கு சோப்புப் போட்டுண்டிருக்கேன்" என்று பதில் குரல் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் நுரை பொங்கத் தேய்க்க ஆரம்பித்தாள். குழாய் தடதடத்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக அவள் ஈரத் தோளில் உதிர்ந்துகொண்டிருந்தது.