பனி விலகும்வரை இராசம்மா தூங்கட்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. சாவு வீட்டிலும் கதை பொறுக்குகிறாளே என்று திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்ளுங்கள். நான் அங்கே கதைக்காகப் போகவில்லை. துக்கம் கேட்கப் போனேன் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. உட்காரப் போனேன். எங்கள் தேயிலை மலையில், ரிங்லெட்டில், பழைய தோட்டத்து மூதாட்டி சீதாம்மா இறந்த அன்று, தானா ராத்தாவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாய்த்ததும், யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஓர் இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். (மகிழ்ந்தேன் என்பதை அடித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.)

எனக்கு இரண்டு பையன்கள். கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் சிங்கப்பூர்ச் சாலையில்தான் இருப்பார். நான் பிரிஞ்சாங்கில் ஓர் உரக் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. போன மாதம் பள்ளி விடுமுறை நாளில் இரண்டு பேருக்கும் சீருடை மாட்டி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். காவலுக்கு நின்ற ஜாகா சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க அழுதுருவீங்கன்னுதான்" என்றான் பெரியவன். இந்த நிலைமையில்தான் கதை எழுதுகிறேன்.

சீதாம்மாவின் தலைமாட்டில், அதே தோட்டத்தில் வளர்ந்த மேவிஸ் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தில் சிலுவை, சீதாம்மாவின் நெற்றியில் திருநீறு. அந்த நெற்றியைத் தடவித் தடவி, "தங்கச்சி, தங்கச்சி" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்கு? கொஞ்சம் கண்ண மூடுலா. யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

செத்துக் கிடப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தைச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஜப்பான்காரன் காலத்துல இப்படித்தான். எங்கம்மா, தனக்கும் அடுத்த வீட்டுக்காரிக்கும் சேத்து, விடியக்காலம் பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப 'இருக்கேன்'னு கொரல் குடுப்பாங்க, ஒருத்தி தூங்கட்டும்னு. ஒருநாள் லோரி வந்துச்சு. பேரக் கூப்பிட்டானுங்க. எங்கம்மா பழக்கத்துல 'இருக்கேன்'னுட்டாங்க. அப்புறம்..."

அப்போது என் கைபேசி அடித்தது. சின்னவன் வகுப்பில் வாந்தி எடுத்துவிட்டானாம். ஓடினேன்.

அந்த 'அப்புறம்' எனக்குத் தெரியாது. தெரியாததைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: *வெண்பனி தவழும் மலைச்சரிவில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை—* (போதும். பிரிஞ்சாங் கடைகளில் தொங்கும் போஸ்ட்கார்டு இது.)

இரண்டாம் தொடக்கம்: *1943ஆம் ஆண்டு, ஜப்பானிய இராணுவ ஆட்சியில் மலாயாவின் தோட்டத் தொழிலாளர்கள்—* (இது பெரியவனின் வரலாற்றுப் பாடம். அவனே படிக்கமாட்டேன் என்கிறான்.)

மூன்றாம் தொடக்கம்: *இராசம்மா களைத்திருந்தாள்.*

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

இராசம்மா களைத்திருந்தாள். அவள் கணவன் முனியாண்டியை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பவில்லை. ஐந்து வயது சீதாவும் பால் மறக்காத ஒரு கைக்குழந்தையும் அவளோடு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். தேயிலையில் பாதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். வேலைக்கு வந்தால்தான் அன்றைக்குப் படி அரிசி. அதுவும் பாதி கல்.

அவள் வேலைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். விறகு பொறுக்குவது, தண்ணீர் தூக்குவது, கிழங்கு சீவுவது, சீதாவின் சொறிக்கு வேப்பிலை அரைப்பது, குழந்தைக்குப் பால்... எழுதும்போதே எனக்குக் கண் சொருகியது. அடித்துவிட்டேன். வேலையை வரிசைப்படுத்திக் களைப்பைக் காட்ட முடியாது. அதற்குப் பதில் இதைச் சொல்கிறேன்.

ஒருநாள் இராசம்மா முதுகுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். கொடுத்து முடித்து, தேயிலைச் செடி வரிசையான நிரைக்குத் திரும்பினாள். கொழுந்து கிள்ளுவது, தோளுக்குப் பின்னால் போடுவது, கிள்ளுவது, போடுவது என்று கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. நிரை முடிகிற இடத்தில் கத்தரீன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

கத்தரீன் அடுத்த வீட்டுக்காரி. புருசனை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்தவள். சீதா வயதில் அவளுக்கும் ஒரே மகள், மேவிஸ்.

"புள்ள, ஒன் கூட எங்க?"

இராசம்மா திரும்பிப் பார்த்தாள். முதுகில் கூடை இல்லை. நிரை நெடுக, அவள் வந்த வழியெல்லாம், கொழுந்து தரையில் கிடந்தது.

கத்தரீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். பாதி நிரை பொறுக்கியபோது அழுதுகொண்டிருந்தாள். இராசம்மா அழவில்லை. அழுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"அக்கா, எனக்குச் சோறுகூட வேணாம். ஒரே ஒரு நாளு தூங்கினா போதும். இப்படியே போனா, என்னைக்காச்சும் புள்ளைய எங்கயாச்சும் வச்சிட்டு வந்துருவேன்கா."

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். இராசம்மாவின் நித்திரை அவளுக்கே தெரியாமல் வந்துபோய்க்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்குப் பயம். கதையில் எனக்கு முக்கியமானதும் அதுதான். இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் கிடைக்குமா? கிடைத்தால் அதற்கு யார் என்ன கொடுக்க வேண்டும்?

4

(பெரட்டு தெரியாதவர்களுக்கு: விடியுமுன் ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு ஆள் உண்டு. குரல் வராவிட்டால் ஆள் இல்லை, அரிசியும் இல்லை.)

இந்த மலையில் விடியற்காலைப் பனி எப்படியென்று உங்களுக்குத் தெரியும். நீட்டிய கை தெரியாது. அந்தக் காலத்தில் துணியும் கிடையாது. ஆணும் பெண்ணும் சாக்கைக் கிழித்து உடுத்தி, இன்னொரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். நாகப்பன் கங்காணி விளக்கைப் பிடித்துக்கொண்டு பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிடுவார். விளக்கு வெளிச்சத்தில் அவர் மீசை மட்டும்தான் தெரியும்.

யோசனை கத்தரீனுடையது. ஒருநாள் இவள் தூங்க வேண்டும், மறுநாள் அவள். விழித்திருப்பவள் மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, களத்தில் இரண்டு பெயருக்கும் குரல் கொடுப்பாள். பனி விலகினால்தான் மலையில் தலை எண்ணுவார்கள். அதற்குள் தூங்கியவள் புதருக்குள் புகுந்து நிரைக்கு வந்துவிட வேண்டும்.

பெரட்டு முடிந்து பனி விலகும்வரை, பிள்ளை அழாத வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். இதைவிடப் பெரிய வெகுமதியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. எனக்கு யாராவது இதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

"கத்தரீன்!"

"இருக்கேன்."

"ராசம்மா!"

கத்தரீன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்."

கங்காணி விளக்கைக் கொஞ்சம் தூக்கினார். "என்னா ராசம்மா, ஒருநாள் விட்டு ஒருநாள் தொண்ட கட்டுது? மெளகு தட்டிக் குடி."

சாக்குகளுக்குள் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கங்காணி அடுத்த பெயருக்குப் போனார். ஆகவே அவருக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

இராசம்மா தூங்கும் முறை நாள் ஒன்றில் களத்தோரம் ஒரு லோரி நின்றது. பனியில் அதன் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. எப்போதும்போலப் பெயர்களைக் கூப்பிடாமல், கங்காணி நாலு பெயரை மட்டும் கூப்பிட்டார். எதற்கென்று சொல்லவில்லை.

"சின்னையா!"

"இருக்கேன்."

"கந்தன்!"

"இருக்கேன்."

"ராசம்மா!"

கத்தரீனின் ஒரு கையில் இராசம்மாவின் குழந்தை இருந்தது. இன்னொரு கையை மேவிஸ் பிடித்திருந்தாள், மேவிஸின் கையை சீதா. அன்று பிந்திவிட்டதால் கொட்டகைக்குப் போகாமல் நேரே களத்துக்கு வந்துவிட்டாள். அவளும் களைத்தவள்தான். கேட்டது ஒரு பெயர். வாய் தானாகத் திறந்தது.

"இருக்கேன்."

கங்காணி உடனே அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை. விளக்கு ஆடியது. பிறகு, "மாரியம்மா" என்றார். பதில் இல்லை. மாரியம்மா முந்தின நாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். லோரிப் பக்கமிருந்து ஒரு சிப்பாய் ஏதோ கத்தினான்.

"கொரல் குடுத்தவங்க லோரியில ஏறணும்," என்றார் கங்காணி. "கீழ வேலையாம். மூணு மாசத்துல விட்டுருவாங்களாம்."

6

இந்த இடத்தில் கங்காணிமேல் எனக்குச் சந்தேகம் வந்து இரண்டு நாள் எழுதவில்லை. முதலில் அவரைக் கெட்டவராக எழுதினேன். தோட்டத்துக் கதையில் கங்காணி கெட்டவராக இருப்பது எழுதுகிறவருக்கு வசதி. பாத்திரம் கழுவும்போதுதான் ஒன்று தோன்றியது. நாலு பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் மாரியம்மாவை ஏன் கூப்பிட்டார்? தூங்குகிற முறை யாருடையது என்று தெரிந்தும் இராசம்மாவை ஏன் கூப்பிட்டார்?

நாலில் இரண்டைக் குரல் வராத பெயர்களாகப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். லோரிச் சத்தம் கேட்டால் கத்தரீன் வாயைத் திறக்கமாட்டாள் என்று நம்பியிருக்கிறார். ஆள் இல்லை என்றால் லோரி இரண்டு பேரோடு போய்விடும். அவருக்குத் தெரிந்த வழியில் இரண்டு பேரைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். கத்தரீனோ, தனக்குத் தெரிந்த வழியில் தோழியின் அரிசியைக் காப்பாற்றக் குரல் கொடுத்துவிட்டாள்.

இதைக் கண்டுபிடித்தபோது ஈரக் கையோடு அப்படியே நின்றேன். இரண்டு நல்ல மனசு ஒன்றையொன்று முட்டிக்கொண்டது. எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. (லோரி அனுப்பியவர்கள்மேல், வேறு யார்மேல்? அதையும் எழுதிவிடுகிறேன்.)

7

மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவது. "நான் ராசம்மா இல்லீங்க கங்காணி. ராசம்மா வீட்டுல தூங்குது," என்று கத்தரீன் உண்மையைச் சொல்கிறாள். சிப்பாய்கள் லயத்துக்குப் போகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். இராசம்மா அவிழ்ந்த தலையோடு எழுந்து வந்து, "பனி வெலகிருச்சாக்கா?" என்று கேட்கிறாள். அவள் *சிப்பாயின் முகத்தைப் பார்த்து*

இதற்குமேல் எழுத வரவில்லை.

இரண்டாவது. கங்காணி சிப்பாயிடம், இவளுக்குத் தொற்றுநோய், ஏற்றாதீர்கள் என்று கையைக் காலை ஆட்டிப் புரியவைக்கிறார். லோரி போய்விடுகிறது. இது நான் ஆசைப்பட்ட முடிவு. ஆசைப்பட்டேன் என்பதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மூன்றாவது. கத்தரீன் குழந்தையைப் பக்கத்துச் சாக்குக்காரியின் கையில் கொடுக்கிறாள். குனிந்து மேவிஸிடம், "சீதாவோட கைய விட்றாத. கொட்டாயில போய் இரு. அம்மா வந்துருவேன்" என்கிறாள். லோரியில் ஏறுகிறாள். பனி விலகுகிறது. புதருக்குள்ளிருந்து இராசம்மா வருகிறாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். சிரித்துக்கொண்டே வருகிறாள். "அக்கா, எங்க இருக்கீங்க?"

மறுநாள் பெரட்டில் இராசம்மா என்ற பெயரே கூப்பிடப்படவில்லை. இராசம்மாதான் லோரியில் போய்விட்டாளே. கங்காணி விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, "கத்தரீன்" என்கிறார். அவர் இன்னொரு முறை கூப்பிடுகிறார்.

"இருக்கேன்," என்கிறாள் இராசம்மா.

அன்றிலிருந்து அவள் அந்தப் பெயருக்குத்தான் குரல் கொடுத்தாள். ஒரு படி அரிசி, மூன்று பிள்ளைகள். அவளுக்காகக் குரல் கொடுக்க இனி ஆள் இல்லை. அதன்பிறகு அவள் ஒருநாளும் பனி விலகும்வரை தூங்கவில்லை.

8

மூன்றாவதுதான் உண்மை என்று நினைப்பீர்கள். சாவு வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து "தங்கச்சி" என்று அழுத மேவிஸ் ஆன்ட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள். 'எங்கம்மா' என்று அவர் சொன்னது பெற்றவளையா, வளர்த்தவளையா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாருமே அக்கா தங்கச்சிதான். அது எதையும் நிரூபிக்காது.

போய்க் கேட்கலாம். ரிங்லெட் அரைமணி நேரம்தான். மேவிஸ் ஆன்ட்டி நன்றாக இருக்கிறார், ஞாபகமும் கெடவில்லை. இரண்டு முறை காரை எடுத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எந்த முடிவாக இருந்தாலும் இராசம்மாவை எழுப்பியாக வேண்டும். சிப்பாய் தட்டி எழுப்புவான், அல்லது பனி விலகி அவளே எழுவாள். எழுந்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது ஐந்தாம் பகுதியில், லயத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் தூங்குகிறாள். கையைப் பிடித்து இழுக்கக் குழந்தை இல்லை. கூடை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் முடிக்காதவரை பனி விலகாது. ஒரு களைத்த தாய்க்கு இன்னொரு களைத்த தாய் என்ன கொடுக்க முடியும்? என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

ஆனால் களத்தில் கத்தரீனும் நிற்கிறாள், கையில் பிள்ளையோடு. அவளை எத்தனை காலம் அப்படியே நிறுத்தி வைப்பது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுப்புவதென்றால் நீங்கள் போய்க் கதவைத் தட்டுங்கள். மெதுவாகத் தட்டுங்கள்.

நான் இங்கே, மேசையில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம்—

"அம்மா!"

சின்னவன் உள்ளேயிருந்து கூப்பிடுகிறான்.

"இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். எதற்குக் கூப்பிட்டான் என்று இனிமேல்தான் தெரியும்.