முகம் மாற்றி ஒட்டிய புல்

செயற்கைப் புல்லுக்கும் முகம் உண்டு. இழைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் முகம். ஒட்டும்போது எல்லாத் துண்டுகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று மாறினாலும் வெயிலில் அது மட்டும் வெளுத்து நின்று மானத்தை வாங்கிவிடும். ஏழு வருடமாக இந்தப் புல்லை அளந்து வெட்டி ஒட்டும் வெட்டுக்காரன் ஒரு தடவைகூட முகத்தை மாற்றி ஒட்டியதில்லை. அன்றைக்கு மாற்றி ஒட்டினான், வேண்டுமென்றே.

காலை எட்டு மணிக்கு அக்கா போன் செய்திருந்தாள். அவள் புருஷன், அதாவது இவனுடைய அத்தான், வேலை நடந்த பங்களாவின் நீச்சல்குளத்து ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜல்லித்தூளை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலும் அவர்தான் மேஸ்திரி.

"பதினொன்றரை பஸ்ஸுல கிளம்புறேன். பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் அவரை வீட்டுப் பக்கம் விட்டுடாதே தம்பி."

"கை எப்படி இருக்கு?"

"என் கை கிடக்கட்டும். நேத்து பாப்பாவையும் அடிச்சிட்டாரு."

அத்தான் தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். தெருவுக்கு என்ன, அது வீட்டுக்குள் வந்து பார்த்ததா? பாத்ரூமில் வழுக்கிவிட்டது, அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று அக்கா சொன்னபோதெல்லாம் இவனும் தலையாட்டிவிட்டு, மறுநாள் அதே மனுஷனோடு வேலைக்கு வந்தான். அந்த வெட்கம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

பாக்கி இருந்தது ஒரே ஒரு துண்டு. ஒட்டிவிட்டால் பத்து மணிக்கு அத்தான் குளிக்க வீட்டுக்குப் போய்விடுவார். வெட்டுக்காரன் புல்லைக் குப்புறப் போட்டு, கொக்கிக் கத்தியால் முதுகுப்பக்கம் அளந்து வெட்டினான். நிமிர்த்தி, இழைகள் எதிர்ப்பக்கம் சாயும்படி திருப்பிப் போட்டான். துண்டுகளை இணைக்கும் டேப்பில் பசை தடவி, உருளையால் அழுத்தி ஒட்டினான். பசை பிடித்த பிறகு உரித்துச் சுரண்டி மறுபடி ஒட்ட ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போன அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"இங்க வா. என்ன தெரியுது?"

"முகம் மாறிடுச்சு அத்தான்."

முதல் அறை காதோடு விழுந்தது. அடுத்தது ரப்பர் சுத்தியல், நடுமுதுகில். ரப்பர்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம், அவனுக்கு மூச்சே நின்று வந்தது. ஜன்னலில் வீட்டுக்கார அம்மாள் தெரிந்தார். அத்தான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சின்னத் தப்பு மேடம். சரி பண்ணிடுறோம்."

அம்மாள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உரிக்கும்போது இரண்டு உதை. பசையைச் சுரண்டும்போது விலாவில் இரண்டு. அவன் ஆமை வேகத்தில் சுரண்டினான். ஒரு உதைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலும் லாபம்தான். சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டான் என்று சொல்ல வேண்டும்.

பதினொன்று ஐந்துக்கு அத்தானின் போன் அடித்தது. பேசியவர் எதிர்வீட்டுக்காரர்.

"பெட்டியோடவா?" என்றார் அத்தான். "பஸ் ஸ்டாண்டு பக்கமா போனா?"

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, உரித்துப் போட்டிருந்த துண்டைப் பார்த்தார்.

"ஏழு வருஷத்துல நீ ஒரு தடவைகூட முகம் மாத்தினதில்ல," என்றார் நிதானமாக. "இது தப்பில்லடா."

வேனை நோக்கி ஓடினார். வெட்டுக்காரன் அவர் இடுப்பைப் பிடித்துத் தொங்க, இரண்டு பேரும் குளத்தில் விழுந்தார்கள். மார்பளவு தண்ணீர். அத்தான் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியை ஓட்டு விளிம்பில் மோதினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தண்ணீருக்குள் அமுக்கினார். அவன் குடித்த தண்ணீரில் அவனுடைய ரத்தமே உப்புக் கரித்தது. கைக்கு அகப்பட்ட கட்டைவிரலை எலும்பு நெரியக் கடித்தான். பிடி விட்டது.

"அவளை இழுத்துட்டு வந்து உன் கண்ணு முன்னாடியே வச்சு அடிக்கிறேன், இருந்து பாரு," என்று சொல்லிக்கொண்டே அத்தான் கரையேறினார்.

பஸ் நிலையம் வேனில் பத்து நிமிடம். கரையோரம் கொக்கிக் கத்தி கிடந்தது. வெட்டுக்காரன் யோசிக்கவில்லை. எடுத்து, அத்தானின் குதிகாலுக்கு மேலே நரம்பில் மாட்டி இழுத்தான். முதலில் கெட்டியாக நின்றது. பிறகு அறுந்தது. அத்தான் அலறிக்கொண்டு புதுப் புல்லில் குப்புற விழுந்தார். எழுந்து ஊன்றப் பார்த்தார், பாதம் சொன்னபடி கேட்கவில்லை. முழங்கையால் வேனை நோக்கி ஊர்ந்தார்.

வெட்டுக்காரன் அவர் பையிலிருந்து சாவியை எடுத்துக் குளத்தில் எறிந்தான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ரப்பர் சுத்தியலை எடுத்து முழங்காலில் அடித்தான், தோளில் அடித்தான், தடுக்க வந்த கையையும் அடித்தான். இது அக்காவுக்காக இல்லை. தலையாட்டிய ஏழு வருடத்துக்காக. அவனுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் பயந்து சுத்தியலைப் போட்டான். சட்டையைக் கிழித்து அவர் காலில் இறுக்கிக் கட்டினான். திரைக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பதினொன்று முப்பத்தெட்டுக்குக் கருவிப்பெட்டி மேலிருந்த அவன் போன் அடித்தது. அத்தானின் முனகல் கேட்காதபடி எட்டப் போய் நின்று எடுத்தான்.

"தம்பி, பஸ் கிளம்பிடுச்சு. ஜன்னல் சீட்டுதான் வேணும்னு பாப்பா ஒரே அடம்." அக்கா சிரித்தாள். அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? நீ மூணு மணி பஸ்ஸுல வந்துடு."

பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள்.

"அக்கா, சொல்றதைக் கேளு. இன்னைக்கு யாரு போன் பண்ணி என்ன சொன்னாலும் நீ திரும்பி வந்துடாதே. எனக்காகவும் வராதே."

"என்னடா பண்ணே?"

அவன் பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் போனைப் பிடுங்கினார். அதற்குள்ளிருந்து, வண்டியை நிறுத்துங்கள் என்று அக்கா டிரைவரிடம் கெஞ்சுவது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.