கவலை இல்லாத செடி

“கொஞ்சம் தள்ளி நில்லுக்கா, மூச்சு படுது.”

“ஏன், என் மூச்சுல என்ன விஷமா வச்சிருக்கேன்?” என்றாள் அக்கா. ஆனாலும் தள்ளி நின்றாள்.

இருவரும் வேலை பார்க்கும் தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி அறைக்குள் தங்கை வளர்க்கும் ஆர்க்கிட் அன்று காலை பூத்திருந்தது. சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரே ஒரு பூ. அந்த இனத்தில் மிஞ்சியது இது ஒன்றும், வேறொரு தோட்டத்தில் இன்னொன்றும்தான். அங்கிருந்து வந்த மகரந்தம் ஐஸ் பெட்டியில் காத்திருந்தது. வெயில் ஏறினால் பூ வாடிவிடும். அதற்குள் மகரந்தத்தைக் குச்சி நுனியால் தொட்டுப் பூவில் வைத்தாக வேண்டும். தொட்டியில் சிவப்பு அட்டை: ‘அழிவின் விளிம்பில்’.

அக்காவின் பொறுப்பு வெளியே, சுவரோரத்துப் பெரணி. அதற்குப் பச்சை அட்டை: ‘கவலை இல்லை’. இரண்டு செடிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆர்க்கிட்டின் ஒரு பூவுக்காக எல்லோரும் தவம் கிடக்க வேண்டும். பெரணிக்குப் பூவே கிடையாது. இலைக்கு அடியில் இருக்கும் தூளைக் காற்றில் விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் பெருகும். குழாயடியில்கூட முளைக்கும்.

பச்சை அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு அம்மாவின் குரல்தான் கேட்கும். இளைப்பு வந்த சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள்: “பெரியவளப் பத்தி எனக்குக் கவலையே இல்ல.” பாராட்டுதான். அதைக் கேட்டபடி கதவோரம் நின்று, ஒரு தும்மலாவது வராதா என்று அக்கா மூக்கைத் தேய்த்துக்கொள்வாள்.

போன வாரம், தங்கை சாப்பிடப் போன நேரத்தில், சிவப்பு அட்டையை அவிழ்த்துப் பெரணியில் கட்டிப் பார்த்தாள். தோட்டம் பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். குனிந்து படம் எடுத்தார்கள். ஒரு பெண் “ஐயோ, பாவம்” என்றாள். அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. தங்கை திரும்புவதற்குள் அட்டை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

இப்போது தங்கையின் விரல்கள் நடுங்கின. குச்சி பூவை நெருங்குவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. நடுங்கட்டும், வாடட்டும் என்று அக்காவின் மனசில் ஒரு மூலை சொன்னது. சொன்னதைக் கேட்டு அவளுக்கே பகீரென்றது.

“அட்டைய மாத்துனது நீதான்னு தெரியும்” என்றாள் தங்கை, திரும்பாமலே. “திரும்பக் கட்டியிருந்தது நீ போடுற முடிச்சு. யார்கிட்டயும் சொல்லல.”

அக்காவுக்கு முகம் சுட்டது. கண்ணாடிக்கு அப்பால், பெரணியின் இளந்தளிர் ஒன்று யாரும் பார்க்காமலே சுருள் பிரிந்துகொண்டிருந்தது. வெயில் மேசை விளிம்பைத் தொட்டுவிட்டது.

தங்கை குச்சியை நீட்டினாள்.

“உனக்குக் கை நடுங்காதுக்கா. நீ வச்சு விடேன்.”