பூரணியின் வெளிச்சப் பலகை

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் பூரணி கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். சுவரில் சாய்த்திருந்த அட்டையின் மூலை பழுப்பாகிப் போயிருந்தது.

கந்தப்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஷாமிலாவுக்குக் கல்யாணம். மணப்பெண் அலங்காரத்தைப் பூரணி ஏற்றிருந்தாள். அன்று மேக்கப் போட்டுப் பார்க்க மட்டும் வந்திருந்தாள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அந்தச் சிறிய காம்பராவில் பகலிலும் இருட்டு. மேலே தொங்கும் ஒற்றை பல்பை நம்பினால் கன்னத்தில் பூசியது கூடவா குறைவா என்றே தெரியாது. அதனால்தான் எல்இடி பட்டைகளை அட்டையில் ஒட்டி, வீட்டில் கிடந்த பழைய அடாப்டரை மாட்டி, அவளே ஒரு விளக்குச் செய்திருந்தாள்.

"நல்லவேளை, வீடு பத்திக்கல," என்றார் மணப்பெண்ணின் பெரியம்மா மீனம்மா. "கல்யாணத்தன்னைக்கு நுவரெலியாவுல இருந்து ஆள் கூப்பிட்டுக்கிறோம் புள்ள."

"பூரணியக்காதான் போடணும்," என்றாள் ஷாமிலா. அவள் முகத்தில் பாதிதான் முடிந்திருந்தது.

பூரணிக்குக் காதெல்லாம் சுட்டது. "வெளக்க ஒழுங்கா செஞ்சிட்டு வாரேன். முடியாட்டி நானே வேற ஆளச் சொல்றேன்."

மறுநாள் ராகலைக்குப் பஸ் ஏறினாள். அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கும் ரினோஸாவின் கல்யாணத்துக்கும் பூரணிதான் அலங்காரம் செய்தவள். ரினோஸா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பட்டையெல்லாம் சேர்ந்து ஆறு ஆம்பியர் இழுக்கும். இந்த அடாப்டர் ரெண்டுதான் தரும். வயரும் நூல் மாதிரி. சுடாம என்ன செய்யும்?"

"அப்ப என்ன செய்யலாம்?"

"பெரிய பவர் சப்ளை எடுங்க, பத்து ஆம்பியர். வீட்டுக் கரண்ட் அந்தப் பெட்டியோட நின்னுடும். உங்க கைக்கு வர்றது பன்னிரண்டு வோல்ட்தான். ஆனா மூணு கால் பிளக் வேணும், எர்த் வயர விட்டுடாதீங்க."

பூரணி அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பன்னிரண்டுன்னா, எங்க ஆட்டோ பேட்டரியும் அதானே?"

ரினோஸா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அது எனக்குத் தோணல பாருங்க. குடுக்கலாம். பேட்டரிகிட்டயே ஒரு ஃபியூஸ் போட்டுத்தான் குடுக்கணும். எஞ்சின் ஓடுறப்ப மாட்டக்கூடாது, வோல்ட் ஏறிடும்."

அட்டைக்குப் பதிலாக அலுமினியத் தகடு வந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் தடித்த வயரைத் தனித்தனியாக இழுத்து, ஈயத்தால் பற்றவைத்த இடங்களை உறை போட்டு மூடினார்கள். தகட்டையும் எர்த்தோடு சேர்த்தார்கள். சப்ளைக்குப் பின்னால் ஃபியூஸும், கூட்டிக் குறைக்க டிம்மரும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சமைத்து, துவைத்து முடியும்வரை பூரணி அதை எரியவிட்டு, வந்து வந்து தகட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்து மேக்கப் போட்டுப் போனில் படமும் எடுத்தாள்.

கல்யாணக் காலையில் மழை ஊற்றியது. ஷாமிலாவின் கண்ணுக்கு மை தீட்டும்போது லயம் முழுக்கக் கரண்ட் போனது.

"மெழுகுவர்த்தி கொண்டாங்கடி," என்றார் மீனம்மா. "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்."

பூரணி வாசலுக்குப் போய்க் கணவனை அழைத்தாள். "ஏங்க, ஆட்டோவ வாசலோட ஒட்டி நிப்பாட்டுங்க. எஞ்சின அணைச்சிடுங்க."

அழகுமுத்து மழையில் நனைந்தபடி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். பூரணி சப்ளையிலிருந்து பலகையைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரைப் பேட்டரியில் மாட்டினாள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. இருமுறை சரிபார்த்துவிட்டு டிம்மரைத் திருகினாள்.

காம்பரா வெளுத்தது. வாசலில் நின்ற பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பூரணி வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து வேலையை முடித்தாள். கண்ணாடியில் பார்த்த ஷாமிலா பூரணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நுவரெலியாவிலிருந்து வந்த போட்டோக்காரன் நிரோஷனின் பெரிய விளக்குகள் கரண்ட் இல்லாமல் மூலையில் கிடந்தன. பூரணியின் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "படத்துல கோடு கோடா விழுதுக்கா."

"கொறச்சு வச்சிருக்கேன்ல, அதான். கொறைக்கிறப்ப அது அணைஞ்சு அணைஞ்சு எரியுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். என் போன்லயும் விழுந்துச்சு." டிம்மரை முழுக்கத் திருகினாள். கண் கூசாதபடி பலகையைச் சுண்ணாம்புச் சுவரின் பக்கம் திருப்பினாள். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மணப்பெண்ணின் மேல் மெதுவாகப் படிந்தது.

நிரோஷன் அடுத்த படத்தை மீனம்மாவிடம் நீட்டினான். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எங்க ஷாமிலாவா இது," என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூரணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "எனக்கும் கொஞ்சம் பவுடர் போட்டுவிடு புள்ள. படத்துல நிக்கணும்ல."

வயரைச் சுருட்டி முடித்ததும் அழகுமுத்து ஆட்டோவைக் கிளப்பினான். பேட்டரி இறங்கியிருக்கவில்லை; ஒரே இழுப்பில் கிளம்பியது. பூரணி பலகையை மடியில் வைத்து ஏறிக்கொண்டபோது நிரோஷன் குடையோடு ஓடிவந்தான்.

"அக்கா, கல்யாண மண்டபத்துலயும் கரண்ட் இல்லையாம். அந்த வெளக்க மட்டும் குடுத்துவிடுங்களேன்."

"வெளக்கு தனியா வராது தம்பி," என்றாள் பூரணி. "நானும் வருவேன். ஏறுங்க."