ஊர் நடுவே ஒரு கல்லறைத் தோட்டம்

பட்டாபி ஓய்வு பெற்ற கையோடு, கரமனை அக்ரஹாரத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு ஸ்லோவேனியா நாட்டைக் கட்ட ஆரம்பித்தார். அந்த நாட்டுக்கு அவர் போனதில்லை. போகும் உத்தேசமும் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வினய் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, நகரம் கட்டும் விளையாட்டு ஒன்றை அதில் போட்டுக் கொடுத்திருந்தான். சாலை போட வேண்டும், குழாய் பதிக்க வேண்டும், கரண்ட் கொடுக்க வேண்டும். அப்புறம் ஜனங்கள் தாமாகவே குடிவந்து, பிள்ளை பெற்று, கிழடாகி, செத்தும் போவார்கள்.

மற்றவர்கள் இஷ்டத்துக்கு ஒரு ஊரைக் கட்டி விளையாடுவார்கள். பட்டாபி ஆயுசு முழுக்கத் தணிக்கை அலுவலகத்தில் இருந்த மனிதர். இல்லாத ஊரைக் கட்ட அவருக்கு மனசு வரவில்லை. வரைபடத்தைப் பார்த்து, கைக்கு அடக்கமாக மலை, காடு, துளிக் கடல் எல்லாம் இருந்த நாடாகத் தேர்ந்தெடுத்தார். தலைநகர் லுப்லியானாவில் ஆறு எங்கே வளைகிறதோ அங்கே வளைத்தார். பைன் மரங்களை ஒவ்வொன்றாக நட்டார்.

அவர் மனைவி சுப்புலக்ஷ்மிக்கு இதில் பொறுமை கிடையாது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. லுப்லியானாவில் ஒரு சொட்டு வீணாகவில்லை. பக்கத்திலிருந்த விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்தபோது தெருவே வண்டி பிடித்துப் போய்ப் பார்த்தது. பட்டாபி போகவில்லை, ஸ்லோவேனியாவின் கோப்பரில் துறைமுகம் கட்டுகிற மும்முரத்தில் இருந்தார். "சுப்பு, இங்க வந்து பாரு, பனி பெய்யறது" என்று அவர் கூப்பிட்டால், ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "செரி செரி, ரசம் ஆறறது" என்று சொல்லிவிட்டுப் போவாள். ப்ளெட் என்ற ஏரி மட்டும் அவளுக்குப் பிடிக்கும். ஏரி நடுவே தீவு, தீவில் ஒரு குட்டி மாதா கோவில். அவர் தூங்கும்போது தனியாகப் போய் அதைப் பார்த்ததுண்டு. அதை அவரிடம் சொன்னதில்லை.

ஒரு நாள் காலையில் பட்டாபியின் வலது கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. ராத்திரி பஸ் பிடித்து வினய் வந்து சேர்ந்தான். உள்ளே போய்ப் பார்க்கக் கொஞ்ச நேரம் விட்டபோது, சுப்புலக்ஷ்மி குனிந்து காதைக் கொடுத்தாள். குழறிக் குழறி அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாட்டை ஓட விடு. புதுத் தெருவுக்கு ஆள் வரணும். ஃபோட்டோ எடுத்துண்டு வா."

அவளுக்குக் கோபம்கூட வந்தது. சாகக் கிடக்கிற மனுஷன் கேட்கிற காரியமா இது. ஆனாலும் மத்தியானம் குளிக்க வீட்டுக்கு வந்தவள், வினய் சொல்லிக் கொடுத்தபடி கம்ப்யூட்டரைப் போட்டாள். நின்றிருந்த விளையாட்டை ஓட விடுவது, கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பது, முடித்ததும் சேவ் பண்ணுவது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள், மூளையில் வீக்கம் இருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று மத்தியானம்தான் அவள் அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் நின்றது, கிளம்பியது, சந்தையைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே சிலுவைகள் வரிசையாக நின்ற இடத்துக்குள் போய் மறைந்தது. இன்னொரு வண்டி வந்தது. கல்லறைத் தோட்டம், ஊர் நட்டநடுவில். சிக்கனக்காரரான பட்டாபி, சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒன்றைத்தான் கட்டியிருந்தார்.

இதையெல்லாம் ஊருக்கு வெளியே, தெற்கே தள்ளி வைப்பதுதானே வழக்கம். வீட்டு மனுஷன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, அவரே கட்டிய ஊரில், அவரே வைத்த இடத்துக்கு வண்டி வண்டியாகப் போகிறது. வினய்க்குப் போன் பண்ணினாள்.

"டேய், இதுல தப்பா வச்சதை எப்படி எடுக்கறது?"

"கீழே புல்டோசர் படம் இருக்கு அல்லே, அதை அமுக்கிட்டு எதை எடுக்கணுமோ அதுல அமுக்கு. எந்துக்கு அம்மா?"

"ஒண்ணுமில்லே. நீ அப்பாவைப் பாரு."

அமுக்கினாள். கல்லறைத் தோட்டம் இருந்த இடம் புல்தரையாயிற்று. சேவ் பண்ணிவிட்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள். அன்று சாயங்காலம் பட்டாபி கண் விழித்துத் தண்ணீர் கேட்டார்.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்குத் தெரியும்.

அவர் வார்டுக்கு மாறினார். கஞ்சி குடித்தார். வீட்டிலோ வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மத்தியானமும் ஓட விட்டபோது, வீடுகளின் தலைக்கு மேல் மண்டையோட்டுப் படங்கள் முளைத்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு தெருத்தெருவாக. அது என்னவென்று அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. செத்தவர்களை எடுக்க வண்டி வரவில்லை. கொண்டுபோக இடம் இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள்.

அக்ரஹாரத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். கோவில் நடை திறக்காது. அப்படி வளர்ந்தவள் அவள். அன்று அவளுக்கும் அடுப்பு மூட்டக் கை வரவில்லை. பழத்தைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

திரும்பக் கட்டிவிடலாம்தான். வினயைக் கேட்டால் சொல்லிக் கொடுப்பான். ஆனால் பட்டாபி அன்று இடது கையால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். எப்படித் திரும்பக் கட்டுவாள்? ஜனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ஜன்னல்கள் இருண்டன. கோப்பருக்குக் கப்பல் வருவது நின்றது. அவள் முதல் நாள் எடுத்த படங்களையே திருப்பித் திருப்பி அவருக்குக் காட்டினாள். "புதுத் தெருவுக்கு ஆள் வந்தாச்சா?" என்று கேட்டார். "வந்துண்டிருக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது அந்த நாற்காலியைத்தான். வினய் கைத்தாங்கலாக உட்கார்த்தி வைத்தான். சுப்புலக்ஷ்மி சமையலறையில் நின்றுகொண்டாள்.

"சுப்பு."

வந்தாள். திரையில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"கல்லறை எங்கே?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வேண்டாம்னு தோணித்து."

"திருப்பி வை."

"மாட்டேன். வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ, செய்யறேன்."

வினய் தலையில் கை வைத்துக்கொண்டான். பழைய சேவ் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். இல்லை. அப்பா எப்போதும் ஒரே ஃபைலின் மேலேயே சேவ் பண்ணுகிறவர், அம்மாவும் அப்படியே பண்ணியிருந்தாள். "அது வெறும் களி அல்லே அம்மா, வெளையாட்டு, வச்சுக் கொடுத்துடேன்" என்றான்.

"களின்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். தெரிந்து என்ன பிரயோஜனம். வைக்க முடியவில்லை.

பட்டாபி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இடது கையால் தானே வைத்துப் பார்த்தார். மவுஸ் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அம்மா மாட்டேன் என்றதை மீறி வைக்க மனசில்லாமல், வினய் லீவு தீர்ந்து கிளம்பிப் போனான். அதற்கப்புறம் பட்டாபி கேட்பதையே விட்டுவிட்டார். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம், "நாளைக்கு" என்றார். நாளைக்கும் நாளைக்கு என்றார். தட்டில் பாதிச் சாதம் மிஞ்சியது. திரையைப் போடச் சொல்லி, அந்த இருட்டு ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாளே, இதையா காப்பாற்றினோம் என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

ஒரு நாள் விளக்கேற்றிவிட்டு அவள் முன்னறைக்கு வந்தபோது, பட்டாபியின் முகம் நனைந்திருந்தது.

"அவாள்லாம் ஆத்துக்குள்ளேயே கெடக்கா, சுப்பு" என்றார். "எடுக்க ஆளில்லே."

அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இனி மறைக்க முடியாது.

"நீங்க ஐசியூல இருந்தேள். இங்க கறுப்பு வண்டியா போயிண்டிருந்தது. பார்த்துண்டிருக்க முடியலே, எடுத்துட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே நீங்க கண்ணு முழிச்சேள்."

பட்டாபி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

"அது மருந்து" என்றார்.

"இருக்கும்."

"அப்போ வை."

"வச்சு, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு என்னிக்காவது ஆகத்தான் போறது. அதுவரைக்கும் அவா அப்படியே கெடக்கணுமா?"

மவுஸைக் கையில் எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல, சிலுவை போட்ட படத்தைத் தேடிப் பிடித்தாள். ஊருக்கு வெளியே தெற்குப் பக்கம் கொண்டுபோனாள். "அங்க இல்லே" என்றார் பட்டாபி. "மாதா கோவில் பக்கத்துல, பழைய எடத்துலயே. சந்தைக்குப் போயிட்டு வரச்சே நின்னு ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போவா. அங்க அப்படித்தான்." நடு ஊருக்குக் கொண்டுவந்தாள். புல்தரை மேல் வைத்தாள். அமுக்கினாள்.

"ஓட விடு" என்றார்.

ஓட விட்டாள்.

"அதோ, வண்டி கெளம்பிடுத்து" என்றார் பட்டாபி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் குரலில் முதன்முதலாகக் கொஞ்சம் தெம்பு இருந்தது. "இன்னொண்ணு. பார்த்தியா, சுப்பு?"

"பார்த்தேன்" என்றாள். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை மேலே ஏறியது. இறங்கியது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.