நடக்காத ஷூ

இன்ஸ்பெக்டர் அந்த ஷூவைத் தொடக்கூட இல்லை. மேசைமேல் வைக்கப் போனதுமே, "கீழ வைங்க, கீழ வைங்க, ஃபைல் இருக்கு" என்றார். செருப்புத் தைப்பவர் இந்த வாரத்தில் ஸ்டேஷன் படி ஏறுவது இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் 'நாளைக்கு வாங்க'. இன்றைக்கு ஒரு வழியாக ஆளைப் பிடித்தாயிற்று. ஆள் காதைக் கொடுத்தால்தானே!

விஷயம் இதுதான். அவருடைய தம்பி, குடோன் வாட்ச்மேன், பத்து நாளைக்கு முன்னால் தண்ணீரில்லாத கல்குவாரிப் பள்ளத்தில், காலில் இந்த ஷூவோடு செத்துக் கிடந்தான். மனைவியோடு சண்டை, மன உளைச்சல், குடோனிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து போய்க் குதித்துவிட்டார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். சண்டை உண்மைதான். அன்று காலையில் தம்பி பெண்டாட்டி, "எங்கயாவது போய்த் தொலைங்க" என்று கத்தியிருந்தாள். எந்த வீட்டில்தான் கத்தவில்லை? அந்த ஒரு வார்த்தையைப் போலீஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பாவி மகள், அவளும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. பச்சைத் தண்ணீர்கூடக் கெஞ்சினால்தான் தொண்டையில் இறங்குகிறது.

"ஒரே ஒரு நிமிஷம் பாருங்க சார். அன்னிக்கு சாயங்காலம் நான்தான் இதுக்குப் புது சோல் ஒட்டிக் குடுத்தேன். பசை காயணும், காலைல வரைக்கும் போடாதேன்னு சொன்னேன். பேப்பர்ல சுத்தி வாங்கிக்கிட்டு, போட்டிருந்த செருப்போடவே டூட்டிக்குப் போனான்."

"சரி, அப்புறம்?"

"புது சோல் போட்டா, கால் ஊனுற இடத்துல வெள்ளைப் பென்சில்ல நம்பர் எழுதுவேன். யாரு ஷூன்னு தெரியணுமில்ல? பத்தடி நடந்தா அழிஞ்சிடும். இதோ பாருங்க, பதினேழு. அப்படியே இருக்கு. ரெண்டு கிலோமீட்டர் ஜல்லி ரோட்டுல நடந்திருந்தா இது நிக்குமா சார்?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் குனிந்தார். "இன்னொரு ஷூவுல?"

இங்கேதான் செருப்புத் தைப்பவர் மாட்டிக்கொண்டார். தம்பியின் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்த அன்று, அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் போனார். அழுதுகொண்டே ஒரு ஷூவை மடியில் வைத்தார். முப்பது வருஷக் கை அது, மடியில் ஷூ வந்துவிட்டால் மூளையிடம் உத்தரவு கேட்காது. பிரஷ் போட்டு, ஈரத் துணியால் அடியோடு துடைத்து வைத்துவிட்டது. அடுத்ததை எடுத்துத் திருப்பியபோதுதான் பதினேழு கண்ணில் பட்டது. அந்தக் கையை அன்றைக்கு வெட்டிப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

"தொடச்சிட்டேன் சார்."

"நல்லா இருக்கே கதை! அழிச்சதும் நீங்க, எழுதினதும் நீங்க. பென்சிலும் உங்களுது. இது அன்னிக்கு எழுதினதா, நேத்து எழுதினதான்னு நான் எதை வெச்சு நம்புறது?"

"நம்பரை விடுங்க, ரப்பரைப் பாருங்க!" அவர் தன் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "அதே ஷீட்டுல வெட்டின சோல். நேத்து இதைப் போட்டுக்கிட்டு குடோன்லேருந்து பள்ளம் வரைக்கும் நடந்தேன். எலி கடிச்ச மாதிரி இருக்கு. அவன் சோல்ல ஒரு கீறல் காட்டுங்க, நான் போயிடறேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் என்னவோ ஓடியது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டார்.

"அவரு உங்களைவிட ஒல்லி. ஓரமா புல்லுல நடந்திருக்கலாம்."

"சாகப் போறவன் சோல் தேயுமேன்னு புல்லு பாத்தா சார் நடப்பான்?"

"சத்தம் போடாதீங்க. விழுந்த காயம்னு டாக்டர் எழுதியாச்சு. ஷூவைப் பத்தி அதுல ஒரு வரி இல்ல."

"அவன் போட்டிருந்த செருப்பு எங்க? குடோன்லயும் இல்ல, பள்ளத்துலயும் இல்ல."

"செருப்பைக் காணோம்னு தனியா ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

பக்கத்து மேசைக் கான்ஸ்டபிள் சிரித்தார். இவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதியவனுக்குச் சத்தம் கேட்கும். ஷூக்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தம்பி வீட்டில் அவள் சுவரோரம் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் கேஸை மறுபடி எடுக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இதுவரை அவளிடம் எதுவும் சொல்லாமல் இருந்தார். இன்றைக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பு, பசை, பென்சில், புல்லு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

அவள் கை நீட்டினாள். ஷூவை வாங்கித் திருப்பி, எழுத்தின்மேல் விரல் படாமல் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப அவரு நடந்து போகலையா, அத்தான்?"

"இல்லம்மா. ஓரடிகூட நடக்கல."

"நான் சொன்ன வார்த்தைக்காக..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ அதை விடும்மா."

பத்து நாளில் முதல்முறையாக அவள் வாய்விட்டு அழுதாள். அழட்டும் என்று விட்டார். ஊரே நம்பாவிட்டால் போகிறது, நம்ப வேண்டிய ஒருத்தி நம்பிவிட்டாள் என்று அவருக்கு மூச்சு வந்தது.

அழுகை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படின்னா இதை அவர் காலுல யாரு மாட்டிவிட்டாங்க?"

பத்து நாளாகச் சோலையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதை மாட்டிய கையைப் பற்றி இதுவரை தோன்றவே இல்லை.